கண்ணைக் கட்டிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்றுத்தருகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, நகர்த்தல்களை வாயால் சொல்லி ஆடினால் மனத்தில் பலகையைக் காணும் திறன் வளரும் என்று நம்பி, காய் நகர்த்தவே இப்போதுதான் பழகிய பிள்ளையைக்கூட அப்படி முழு ஆட்டம் ஆடவைக்கிறார்கள் சில பெற்றோர்கள். இதை அவர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

2016-இல் திமூர் கரேயேவ் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் 48 பேருடன் ஆடினார். மலைக்கவைக்கும் சாதனைதான். ஆனால் அப்போது அவர் கிராண்ட்மாஸ்டராகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய ஆட்டக்காரர்களைப் பற்றி 1894-இல் நூல் எழுதிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தேர்ந்தவர்கள் பலர் காயின் உருவத்தையோ நிறத்தையோ மனத்தில் காண்பதில்லை என்று கண்டார். எது எதைத் தாக்குகிறது, எது எதைக் காக்கிறது என்பதே அவர்களிடம் நிற்கிறது. அது ஆண்டுக்கணக்கில் ஆடியும் படித்தும் வருவது. துணி கட்டியதால் வருவதில்லை.

பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பலகையின் ஒரு மூலையான ஏ1 கட்டத்துக் குதிரையை எதிர்மூலையான எச்8-க்கு ஆறே நகர்த்தல்களில் வாயாலேயே கொண்டுபோகச் சொல்வேன். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். கட்டங்கள் மனத்தில் பதிய அது நல்ல வழி.

ஆனால் போட்டியில் பலகை கண்முன்னே விரிந்து கிடக்கிறது. தொல்லையும் அதனால்தான். நான்கு நகர்த்தல் தள்ளி யோசிக்கும்போது, கணக்கில் வெட்டுப்பட்டுப்போன பிஷப் பலகையில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். பழைய நிலையின் பிம்பம் இப்படி மனத்தில் ஒட்டிக்கொண்டு தவறு செய்யவைப்பதை, கிராண்ட்மாஸ்டரும் உளவியலாளருமான நிகோலாய் குரோகியஸ் விளக்கியிருக்கிறார். என் மாணவி ஒருத்தி பலகையைப் பாராமலே முழு ஆட்டம் ஆடுவாள். அவளே ஒரு போட்டியில், தன் கணக்கில் ஏற்கெனவே வெட்டுக்கொடுத்துவிட்ட யானை காக்கும் என்று நம்பி ராணியை இழந்தாள். பலகையே இல்லாமல் செய்யும் பயிற்சியில் இந்தத் தொல்லை எழுவதில்லை. ஆகவே அதைச் சமாளிக்கவும் அது கற்றுத்தருவதில்லை.

அதனால் நான் காய்களைத் தொடாமல் பலகையைப் பார்க்கச் சொல்லி, ஐந்து நகர்த்தல்களை வாயால் சொல்கிறேன். பிறகு, "இப்போது காவல் இல்லாமல் நிற்கும் காய் எது?" என்று கேட்கிறேன். நன்றாக ஆடும் பிள்ளைகளே முதலில் திணறுகிறார்கள்.

தங்கள் நாளிதழிலும் வாரம் ஒரு சதுரங்கப் படத்தை அச்சிட்டு, கீழே ஐந்து நகர்த்தல்களைத் தந்து, இதே கேள்வியைக் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சதுரங்கப் பயிற்சியாளர்