மேலே பார்த்து ஒரு படம் எடு

மட்டக்களப்பு,
தை மாதம், போயா நாள்.

அன்பு மச்சான்,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த படமும் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. எல்லாம் இந்த மழையால். மார்கழியில் தொடங்கியது பொங்கலுக்கும் விடவில்லை. பானையைத் தாழ்வாரத்துக்குள் தூக்கி வைத்துத்தான் பொங்கினோம். வீட்டுக்காரி சுகம், முழங்கால்தான் பழையபடி. சின்னவளுக்கு ஆனியில் எழுத்து வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை களுவாஞ்சிக்குடிப் பொடியன், படிப்பிக்கிறார். அழைப்பு பிறகு வரும், வராமல் இருந்துவிடாதே.

படத்தில் நீ அமெரிக்காவில் உன் சில்வர் ஸ்பிரிங் பஸ் நிலையத்தின் முன்னால் குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக, பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி நிற்கிறாய். பின்பக்கத்தில், "இதைத்தான் இவங்கள் ஏழு வருசமாகக் கட்டினவங்கள். இங்கேயும் எங்கட கூத்துத்தான்" என்று எழுதியிருக்கிறாய். நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருசம் கொங்கிறீட்டோடு கிடந்தவனுக்கு அப்படி ஒரு கதையைச் சொன்னால் சும்மா இருப்பானா? இரண்டு நாள் மகனுடைய கணினியை விட்டு எழும்பவில்லை.

நீ ஒவ்வொரு நாளும் அதற்குள்ளால் போய் வருகிறாய், உனக்கு அது பஸ் பிடிக்கிற இடம். எனக்கு இப்போது அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். மூன்று தட்டு. வாஷிங்டன் பக்கம் ஓடுகிற ரெட் லைன் ரயிலும் பஸ்ஸும் வந்து சேர்கிற இடம். 2008இல் வேலை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருசத்தில் முடித்திருக்க வேண்டியதைத் திறந்தது 2015 செப்ரெம்பர் 20இல். செலவு 14 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தது என்னவென்றால், தட்டு முழுக்க வெடிப்பு. உங்கள் மொன்ட்கொமரி கவுண்டிக்காரர், நம்முடைய மாவட்ட நிர்வாகம் மாதிரி, வெளியிலிருந்து கட்டமைப்புப் பொறியியலாளர்களைக் கூப்பிட்டு, துருவிப் பார்க்கச் சொன்னார்கள். அந்த அறிக்கை 2013 மார்ச்சில் வந்தது. கொங்கிறீட் தட்டு 10 அங்குலத் தடிப்பில் இருக்க வேண்டியது, சில இடங்களில் அதற்குக் குறைவு. கொங்கிறீட்டின் பலம் சொன்ன அளவுக்கு வராத இடங்களும் உண்டு. இருக்க வேண்டிய இடத்தில் இழுவைக் கேபிள் இல்லாத பகுதியும் உண்டு. வரைந்தவர், கட்டியவர், பரிசோதித்தவர் என்று ஒருவரையும் அந்த அறிக்கை விட்டுவைக்கவில்லை.

அந்தக் கேபிள் என்னவென்று நீ கேட்பாய். உன் அப்பாவின் வண்டிச் சில்லுக்குக் கொல்லன் பட்டா ஏற்றியது நினைவிருக்கிறதா? இரும்பு வளையத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரத்தில் ஏற்றித் தண்ணி ஊற்றுவான். வளையம் சுருங்கிச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் நெரித்துப் பிடிக்கும். ஒரு மூட்டும் பிறகு அசையாது. இதுவும் அதே வேலைதான். கொங்கிறீட் இறுகிய பிறகு அதற்குள் கிடக்கிற உருக்குக் கேபிளை இரண்டு அந்தத்திலும் இழுத்துப் பூட்டினால், அது தட்டை நெரித்தபடியே இருக்கும். நெரிபட்ட கொங்கிறீட் இலேசில் வெடிக்காது. கேபிள் இல்லாத இடத்தில் நெரிப்பும் இல்லை.

எனக்கு நெஞ்சில் தட்டியது அந்தக் கேபிள் இல்லை மச்சான். அந்த 10 அங்குலம். அதைப் பார்க்க மெசின் தேவையில்லை, படித்தவனும் தேவையில்லை. ஒரு கம்பித் துண்டில் 10 அங்குலத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, ஈரக் கொங்கிறீட்டுக்குள் நாலு முழத்துக்கு ஒருக்கால் குத்திக்கொண்டு போனால் போதும். ஒரு சின்னப் பொடியன் செய்கிற வேலை. அத்தனை பேர் நின்ற இடத்தில் அது எப்படித் தவறிப்போனது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒரு விசயம் வந்து நின்றது.

அந்த ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், உனக்கே விளங்கும். நீயும் நானும் அக்கரைப்பற்றுப் பஸ்ஸுக்காக அங்கே எத்தனை தரம் நின்றிருக்கிறோம். அந்தப் பஸ் நிலையத்தின் முன்பக்கம் ஐந்து அடிக்கு வெளியே நீண்டு நிற்கிற நிழல்தட்டு இருக்கிறதே, அதைப் போட்டபோது அங்கே வேலையை மேற்பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரீ.ஓ., நான்தான். சண்டைக்காலம். ஒரு மூட்டை சீமெந்துக்கும் கடிதம் காட்ட வேண்டிய நாட்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, வருகிற பெரியவருக்கு மாலையும் சொல்லிவிட்டார்கள். கொங்கிறீட் போட்ட அன்று சோதனைச் சாவடியில் மறித்து வைத்து, நான் போய்ச் சேர பதினொரு மணி. பாதி போட்டு முடிந்துவிட்டது.

உனக்குத் தெரியாது, வெளியே நீண்ட தட்டுக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும். பாரத்தில் நுனி தாழும்போது மேற்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். கம்பி மேலே இருந்தால்தான் அதைப் பிடிக்கும். கீழே போய்விட்டால் அது இருந்தும் இல்லாததும் ஒன்று. நான் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். கொங்கிறீட் தாச்சி சுமந்த ஆட்கள் அந்தக் கம்பி வலைக்கு மேலால்தான் நடந்திருக்கிறார்கள். நடந்த தடத்தில் வலை ஏணை மாதிரித் தொய்ந்து கிடந்தது. மேசன் பாஸிடம் சொன்னேன். அவர் ஒரு கொக்கியால் நாலைந்து கம்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு, "ஐயா, மழை வரப்போகுது" என்றார். கிழக்கால் உண்மையிலேயே கறுத்திருந்தது. தாளில் ஒரு கேள்வி இருந்தது: கம்பி உரிய உயரத்தில் உள்ளதா? நான் "ஆம்" போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மூன்று மாதத்தில், தட்டு சுவரோடு சேர்கிற இடத்தில் மேற்பக்கமாக மயிர் மாதிரி ஒரு கோடு. அடுத்த மாரிக்கு அதற்குள்ளால் தண்ணி இறங்கியது. கீழ்ப்பக்கம் முதலில் வெள்ளையாகப் பூத்தது, மறுகா மண்ணிறம் வந்தது. துரு கம்பியைத் தின்பதோடு விட்டால் பரவாயில்லை. தின்ற இரும்பை விடக் கூடுதல் இடம் கேட்டு கொங்கிறீட்டை உள்ளேயிருந்து உடைக்கும். நம்முடைய கடற்காற்றும் கூடச் சேர்ந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தட்டில் ஒரு துண்டு வெற்றிலை விற்கிற அக்காவின் மேசையில் விழுந்தது. அவ சாப்பிடப் போயிருந்தா. மேசை இரண்டாகப் போனது, பாக்குவெட்டியைத் தேடி எடுக்கவே முடியவில்லையாம். அதற்குப் பிறகு தென்னங்குத்தி முட்டுக் கொடுத்தார்கள். குத்தி உக்க, இரும்புக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாய்களுக்கு இப்போது வருசம் தவறாமல் பச்சைப் பெயின்ற் அடிக்கிறார்கள், கட்டும்போதே வைத்த தூண்கள் மாதிரி. போன கிழமையும் அதற்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிடத்துக்குள்ளே குடை!

"எங்கட கூத்துத்தான்" என்று நீ எழுதினாயே, அதில் ஒரு பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். கூத்து ஒன்றுதான். ஆனால் உங்கள் ஆட்கள் செய்த தவறை மட்டக்களப்பில் ஒரு பென்சன்காரன் வீட்டுக்குள் இருந்து அங்குலம் அங்குலமாக வாசிக்க முடிந்தது. என் கையெழுத்து வைத்த தாளை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும், உண்மை. அந்த வயதில் கேட்காமல் விட்டதற்குக் கோயிலில் தேங்காய் உடைத்தேன் என்றும் உனக்குச் சொல்கிறேன்.

உங்களுடையதைத் திருத்திய விதத்தையும் பார்த்தேன். தட்டுக்கு மேல் இறப்பர்ப் பால் மாதிரியான லேட்டெக்ஸ் கலந்த கொங்கிறீட்டால் இன்னொரு படை போட்டு, தட்டைத் தாங்குகிற சில வளைகளையும் பலப்படுத்தியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சனம் தெருத் தெருவாக நின்று பஸ் ஏறியிருக்கிறது. திட்டித்தான் இருப்பார்கள். நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

நீ கேட்ட நம்முடைய புதுப் பஸ் நிலையத்தின் கதை இதுதான். 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தொட்டபோது கொந்தராத்துக்காரர் கைவிட்டுப் போனார். தூண்களின் தலையில் நீட்டிவிட்ட கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்தன. அதில் ஒன்றில் யாரோ ஆடு கட்டுவார்கள். போன வருசம்தான் திரும்பத் தொடங்கினார்கள். இப்போதைய ரீ.ஓ. ஒரு இளம் பொடியன், என்னைக் கண்டால் "ஐயா" என்பான். காலையில் கல்லடிப் பாலம் வரை நடந்து திரும்புகிற வழியில் நானும் எட்டிப் பார்ப்பேன். வேலையில்லாத கிழவன் வேறு எங்கே போவான்?

கார்த்திகையில் ஒருநாள் போனபோது மிக்சர் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். பொடியன் வலைக்கு மேல் குந்தியிருந்து அளவுநாடா பிடிக்கிறான். கம்பிக்குக் கீழே வைக்கிற சீமெந்துக் கட்டைகள் போதாதாம். பழைய கம்பியின் துருவையும் தேய்க்கவில்லையாம். "இன்றைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டான். குழைத்த கொங்கிறீட்டை முற்றத்து நடைபாதைக்குக் கொட்டினார்கள். கொந்தராத்துக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாள் பிந்தியது. சந்தியில் தேத்தண்ணிக் கடையில் "இவனுகள் இந்தப் பிறவியில் முடிக்கமாட்டானுகள்" என்று ஒருவர் சத்தம் போட, நான் வாயை மூடிக்கொண்டு வடையைத் தின்றேன். எனக்கு உள்ளுக்குள் எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது.

பாலம் என்றதும் நினைவு வருகிறது. 2013இல் திறந்த புதுப் பாலத்தில் நடக்கும்போதும் என் கண் பக்கத்திலே நிற்கிற 1924ஆம் ஆண்டு லேடி மனிங் பாலத்தில்தான். அதில் ஒவ்வொரு தறையாணியையும் எண்ணலாம், துருவும் வெளியே தெரியும். இரும்பு கள்ளம் செய்யாது என்று முன்பு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதையும் விட வேண்டியதாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரு பெரிய பஸ் நிலையம், மேலே பூங்காவோடு, 2018 ஓகஸ்டில் திறந்தார்கள். ஆறு கிழமையில் மூடினார்கள். நாலு அங்குலத் தடிப்பான உருக்குத் தகட்டில் வெடிப்பு. ஒட்டு வேலைக்காக வெட்டிய துளையின் ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. முதலில் கண்டது பெரிய பொறியியலாளர் இல்லை மச்சான், உட்கூரைப் பலகை பூட்ட ஏறிய வேலையாட்கள். பூட்டி முடித்திருந்தால் அது பலகைக்குள் மறைந்திருக்கும்.

ஆகையால் எனக்கு ஒரு உதவி செய். அடுத்த தரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் முகத்தை விட்டுவிட்டு மேலே பார்த்து ஒரு படம் எடு. தட்டு தூணோடு சேர்கிற இடத்தில், கிட்டப் போய். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பெரிதாக்கிப் பார்க்க மகனுடைய கணினி இருக்கிறது.

கருவாடு கேட்டிருந்தாய். மழை விட்டால்தான் நல்லது காயும். மாசியில் உன் மருமகள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன்
மச்சான்