பிரபவ வருஷத்துச் சங்கத்துக்கு நூறு

திண்டுக்கல்

அன்புள்ள சண்முகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். ஒரு மாதம் அடுப்புப் பக்கம் நீயே போ, ஒன்றும் குறைந்துவிடமாட்டாய். இங்கே எல்லாரும் சுகம்.

மதுரைப் பொறியாளர் சங்கத்து நூற்றாண்டு விழாவுக்கு உன்னை அமைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் தலைமை விருந்தினர் யார் என்பதிலேயே போயிருக்கிறது. அது கடைசி வேலை. பீரோவில் பூட்டிக் கிடக்கிற பழைய மினிட் புத்தகங்கள், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள்தான் முதல் வேலை. மேடையில் எது சொதப்பினாலும் மறுநாள் மறந்துபோகும். விழா மலரில் முதல் தலைவர் பெயர் தப்பாக அச்சானால் இன்னும் நூறு வருஷத்துக்கு அதுதான் சரித்திரம்.

முதல் கூட்டம் ‘பிரபவ வருஷம் கார்த்திகை மாசம்’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறாய். பிரபவ என்றால் 1927 சித்திரை முதல் 1928 பங்குனி வரை. அறுபது வருஷச் சுற்றில் 1987-லும் பிரபவ வந்தது. ஆகவே தேதியில்லாமல் வருஷப் பெயர் மட்டும் இருக்கும் தாள்களில் தாளையும் மையையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். நம் கணக்குப்படி 2026 கார்த்திகையில் நூறாவது ஆண்டு தொடங்குகிறது. 2027 கார்த்திகையில் நூறு நிறைகிறது. அழைப்பிதழில் ‘நூறாவது ஆண்டுத் தொடக்கம்’, ‘நூற்றாண்டு நிறைவு’ என்று இரண்டையும் பிரித்துப் போடு. பதிவுச் சான்றிதழின் தேதியிலிருந்து எண்ணவேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள். சங்கம் கூடிய நாள் வேறு, பதிந்த நாள் வேறு. எதிலிருந்து எண்ணுவது என்று செயற்குழுவில் இப்போதே தீர்மானம் போட்டு வைத்துக்கொள். சான்றிதழில் 1860-ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருந்தால் குழம்பாதே. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டம் 1975-இல்தான் வந்தது.

மினிட் புத்தகங்களை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்த யாரையும் விடாதே. முதுகு உடைந்து ஏடு ஏடாக வந்துவிடும். அந்தக் காலத்து நீலக்கருப்பு மையில் இரும்பு உப்பு உண்டு. ஈரம் பட்டால் எழுத்து இருக்கிற இடத்திலேயே தாள் அரித்துப் பொத்தலாகும். புத்தகத்தைப் பாதி திறந்து, இரண்டு பக்கமும் பஞ்சுத் தலையணை கொடுத்து, மேலே ஸ்டாண்டில் கேமரா, இரு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்கு, இவ்வளவு போதும். பக்க எண்ணையே கோப்புப் பெயராக வை. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது இரண்டும் ஆகாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. ராமபாணப் பூச்சி அரித்த கட்டுகளைத் தனியாக எடுத்து வை, மற்றதோடு சேர்க்காதே.

சுவரில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோக்களில் பல, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். உரிக்காதே, படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, எதிரொளி விழாத கோணத்தில் விளக்கு வைத்துப் படம் எடு. தனிப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய். எழுத்துத் தாளுக்கு 300 போதும். எடுத்ததும் ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் எழுதி, மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்கு ஆளை அனுப்பு. ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று உனக்கே தெரியும். இதைத் தள்ளிப்போட முடியாது. ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் குறித்து வை. வேறொரு படத்தில் மூன்றாவது ஆள் தீர்த்துவைப்பார்.

பழைய வரவு செலவை மலரில் போட ஆசைப்படுவாய், போடு, படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் 5-8-6 என்பதை ரூ.5.86 என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். அது 5 ரூபாய், 8 அணா, 6 பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இன்றைய கணக்கில் 5 ரூபாய் 53 காசு. 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய எல்லாக் கணக்குக்கும் இதே பாடம். மினிட்டில் விடுபட்ட காலத்துக்குப் பழைய பத்திரிகைகளைத் தேடு. ‘தினத்தந்தி’ 1942 நவம்பரில் மதுரையில்தான் தொடங்கியது, உள்ளூர்ச் செய்திக்கு உதவும். அதற்கு முந்தியதற்குச் சென்னைக்குப் போகவேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா நூலகம் இரண்டிலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போ.

இனி தேதி. கார்த்திகையிலேயே பெரிய விழா என்று குழு சொல்கிறது. வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, போதாததற்கு முகூர்த்தங்கள். தமுக்கம் மாநாட்டு மையமோ ராஜா முத்தையா மன்றமோ எதைக் கேட்டாலும் போட்டி இருக்கும். கார்த்திகையில் அந்த முதல் கூட்டத்துத் தேதியில் உறுப்பினர்கள் மட்டும் கூடி, விளக்கேற்றி, முதல் மினிட்டை வாசித்துவிட்டுக் காப்பி சாப்பிட்டுக் கலையுங்கள். பெரிய விழாவை மார்கழியில் வை. முகூர்த்தம் கிடையாது, மண்டபக்காரர் பேரத்துக்கு வருவார், சமையல்காரரும் பந்தல்காரரும் கையில் கிடைப்பார்கள். 2027 டிசம்பர் 18, 19 சனி ஞாயிறு. அரையாண்டு விடுமுறைக் கூட்டம் அதற்குப் பிறகுதான் கிளம்பும். பொங்கல் பக்கம் தள்ளாதே. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் சேர்ந்து காவல்துறை, வண்டி, ஆள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். சித்திரையைச் சொல்லவே வேண்டாம்.

மார்கழியிலும் வில்லங்கம் உண்டு. சபரிமலை சீசன். மாசி வீதிகள், டவுன்ஹால் ரோடு லாட்ஜ்கள் எல்லாம் சாமிமார்களால் நிறைந்திருக்கும். வெளியூர் விருந்தினருக்கு மாட்டுத்தாவணி, கே.கே.நகர், பைபாஸ் ரோடு பக்கம் அறைகளை மொத்தமாகப் பிடித்து, முன்பணமும் கட்டிவிடு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். டிசம்பர் 17 வண்டிக்கு அக்டோபர் 18-இல் திறக்கும். அழைப்பிதழ் அதற்கு முன்னால் கைக்குப் போயிருக்கவேண்டும். நவம்பரில் கொடுத்தால் வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்லி நின்றுவிடுவார்கள்.

மலர்க் குழு கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். அதிலிருந்து டிசம்பர் வரை அங்கே மிஷின்கள் காலண்டர், டைரிக்குத்தான். விழா டிசம்பர்தானே, அக்டோபரில் கொடுத்தால் போதும் என்று இருந்தால் மலர் பொங்கலுக்குத்தான் வரும். ஆகவே 2027 ஜூன் கடைசிக்குள் அச்சுக்குப் போகவேண்டும். அங்கிருந்து பின்னால் எண்ணு: மே மாதம் இரண்டு புரூப், மார்ச், ஏப்ரல் பக்க வடிவமைப்பு, பிப்ரவரியோடு கட்டுரைகள் முடிவு. ஜூனுக்குப் பிந்தைய நிகழ்ச்சிகளை 16 பக்கத் தனி இணைப்பாக அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

கட்டுரைகளை எல்லாரும் ஒவ்வொரு எழுத்துருவில் அனுப்புவார்கள். பாமினியில் ஒருவர், வானவில்லில் ஒருவர். யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் அளவுகளும் பெயர்களும் தமிழ் எழுத்தாகி உளறும். நம் ஆட்கள் கட்டுரையில் வரிக்கு வரி ஆங்கில அலகுதானே. மாற்றிய பிறகு மூலத்தோடு ஒப்பிட ஒரு ஆள் தனியாக வேண்டும். எழுதியவரையே புரூப் பார்க்கவிட்டால் தான் எழுதியதாக நினைத்ததைத்தான் படிப்பார்.

அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். 200 பக்கம் என்று முடிவு செய்தால் அரைப் பாரம் தொங்கும். 208 என்றால் சரியாக 13 பாரம். எல்லாமே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில் வேண்டும் என்று கேட்பார்கள். ஏ4 அளவில் 208 பக்கம் அதில் போட்டால், 300 ஜிஎஸ்எம் அட்டையோடு ஒரு பிரதி கிட்டத்தட்ட 880 கிராம். ஆயிரம் பிரதி 880 கிலோ. எங்கே இறக்குவாய், யார் தூக்குவது, தபாலில் என்ன ஆகும்? 12 பாரம் பளபளப்பில்லாத 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், படங்களுக்கு மட்டும் ஒரு பாரம் ஆர்ட் என்றால் 580 கிராமில் நிற்கும். கட்டுரைப் பக்கம் கண்ணைக் கூசாது. பைண்டிங் தையல்தான். வெறும் பசை பைண்டிங் ஆர்ட் பேப்பரைப் பிடிக்காது. விரித்த முதல் நாளே நடுப்பக்கம் கையோடு வரும்.

விளம்பரத்துக்குப் பணம் வந்த பிறகே பக்கம். ‘போடுங்க சார், விழாவுக்கு வரும்போது தர்றேன்’ என்பதை வசூல் கணக்கில் எழுதாதே. விழாவுக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. மிச்சம் வந்தால் எதற்கு என்று இப்போதே தீர்மானம். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை ரசீது கேட்பவர்களிடம் வாக்குக் கொடுக்கும் முன் சங்கத்துக்கு அதற்கான பதிவு இருக்கிறதா என்று பார். உறுப்பினர் நலனுக்கான தொழில்முறைச் சங்கங்கள் பலவற்றுக்குக் கிடையாது. இருந்தாலும் ரொக்கத்தில் ₹2,000-க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை போய்விடும். விளம்பர வருமானத்துக்கு ஜிஎஸ்டி எப்படி என்பதை ஆடிட்டர் எழுத்தில் கொடுக்கட்டும்.

கண்காட்சி உண்டு என்றாயே, அது நல்ல யோசனை. தலைவர்கள் படவரிசையைவிட இதற்குத்தான் இளவட்டம் நிற்கும். வீட்டுப் பரண்களில் தியோடலைட், டம்பி லெவல் போன்ற பழைய நில அளவைக் கருவிகள், கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், 66 அடி நில அளவைச் சங்கிலி எல்லாம் இருக்கும். வாங்கும்போதே படம் எடுத்து, இரண்டு பிரதி ரசீதில் கையெழுத்து வாங்கு. பழைய புளூபிரிண்ட் வரைபடங்களின் மூலத்தை மாட்டாதே, வெளிச்சத்தில் வெளுக்கும், நகல் மாட்டு. தொழில்முறைச் சுற்றுலாவுக்கு முல்லைப் பெரியாறு அணை என்று ஆசை காட்டவேண்டாம்; காட்டுக்குள் அனுமதி வாங்குவதற்குள் விழாவே முடியும். வைகை ஆற்றுப் பேரணை மதகுகள், 1959-இல் திறந்த வைகை அணை, இரண்டும் ஒரு பகலுக்குப் போதும். நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கு முன்னதாக எழுது. 71 அடி அணை நிறைந்திருந்தால் அது நம் அதிர்ஷ்டம்.

சிறப்புத் தபால்தலை வேண்டும் என்று தலைவர் சொல்கிறாராமே. அது டெல்லிக் குழு வரை போகிற காரியம். கைக்கு வரும்வரை அழைப்பிதழில் ஏற்றாதே. சிறப்பு உறையும் அன்றைய சிறப்பு முத்திரையும் நடக்கக்கூடியது. தென்மண்டல அஞ்சல் தலைவர் அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேள்.

சாப்பாட்டில் எல்லாரும் ருசியைப் பற்றிப் பேசுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 600 பேர், 150 இருக்கை, நாலு பந்தி. இலை எடுத்துத் துடைத்து அடுத்த பந்தி உட்கார 35 நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி 20 நிமிடம். நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரம்தான் போட்டிருப்பீர்கள். மூன்று மணிக்குத் தொடங்கும் அமர்வில் காலி நாற்காலி பேசும். மதியம் பஃபே, மூன்று மேசை, இரு பக்கமும் வரிசை. வரிசைக்கு நிமிடத்துக்கு நாலு பேர் என்றாலே 25 நிமிடத்தில் தீரும். மூத்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பந்தி இலைபோட்டுப் பரிமாறு. அரிசி நூறு பேருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ. சமையல்காரர் பதினைந்து என்பார். டிசம்பரில் ஜிகர்தண்டாவா என்று யாராவது முணுமுணுத்தால் காதில் வாங்காதே, வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப்போடச் சொல்.

மேடையில் நாற்பது பேருக்குச் சால்வை என்றால், ஆளுக்கு இரண்டு நிமிடம், எண்பது நிமிடம் போச்சு. முன்னாள் தலைவர்களை முதல் நாள் மாலையிலேயே கௌரவித்துவிடு. பளபளச் சால்வைக்குப் பதில் பருத்திச் சுங்குடி கொடு. மாலைக்கு மல்லிகை என்று நினைக்காதே, பனியில் வரத்துக் குறைந்து விலை தாறுமாறாக ஏறும், சம்பங்கி போதும். தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிநாடாவில் போடாமல் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளே பாடட்டும். 55 விநாடிக்குள் முடியும்படி பழக்கு. பிளெக்ஸ் வைக்க மாநகராட்சி அனுமதி எண் வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் மட்டும்.

தலைமை விருந்தினர் யாராக இருந்தாலும் சரி. அவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் தொழில்நுட்ப அமர்வுகள் பாட்டுக்கு நடக்கும்படி இரண்டாவது அரங்கில் வை.

சின்னாளப்பட்டி இங்கிருந்து பக்கம்தான். சுங்குடித் துண்டு ஐம்பது எடுத்தால் என்ன விலை என்று இந்த வாரம் கேட்டு எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு காலை வருகிறேன். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரையும் வரச் சொல்.

அன்புடன்,
ராசு