மருதாணிப் பொடி தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மருதாணித் தலைச்சாயப் பொடி தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

12 ஆண்டுகளாக என் நரைக்கு மருதாணியை மட்டுமே பூசி வருகிறேன். ‘கறுப்பு மருதாணி’ என்று அச்சிட்டிருந்த பொட்டலத்தை நம்பித் தலையில் தடவிக்கொண்ட என் தங்கையை, மூன்றாம் நாள் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றவளும் நான்தான். ஆகவே இம்மடல் மருதாணிக்கு எதிரானதன்று. மருதாணி அல்லாத ஒன்றை மருதாணி என்ற பெயரில் விற்பதற்கு எதிரானது.

இந்த இலையால் எது ஆகும், எது ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் பொட்டலங்களில் அதை நான் படித்ததே இல்லை என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. இலையின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அளவே உள்ள லாசோன் என்னும் பொருள்தான் நிறம் தருவது. அதன் நிறம் செம்மஞ்சள். பொடியைச் சற்றே புளிப்பான நீரில் குழைத்து ஓர் இரவு மூடி வைத்தால் லாசோன் மெல்ல வெளிவரும். காலையில் ஒரு துளியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்துப் பார்ப்பேன். செம்மஞ்சள் புள்ளி பதிந்திருந்தால் விழுது தயார், பதியாவிட்டால் பொடி பழையது. தலையில் இரண்டு மூன்று மணி நேரமாவது ஊறினால்தான் அது முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணையும். அம்மோனியாவோ ஹைட்ரஜன் பெராக்சைடோ இதற்குத் தேவையில்லை. முடியின் சொந்த நிறமியை அது அழிப்பதில்லை, அதன்மேல் ஏறி நிற்கிறது. இதனாலேயே கருமுடியில் வெயில் படும்போது மட்டும் செம்மை மின்னுகிறது, நரைத்த இழையோ முழுச் செம்மஞ்சளாகிறது. அலசிய அன்று கண்ணைப் பறிக்கும் அந்த நிறம், இரண்டு மூன்று நாள் காற்றுப் பட்டதும் செம்பழுப்பாக அடங்கும். முதன்முறை பூசுவோர் பலர் அந்த முதல் நாளிலேயே மனம் உடைந்துபோகிறார்கள். ‘மூன்று நாள் பொறுங்கள்’ என்று பொட்டலத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

நன்மைகளுக்குக் குறைவில்லை. வேதிச்சாயம் ஒத்துக்கொள்ளாத பலருக்கு இது ஒத்துக்கொள்கிறது, லாசோனால் ஒவ்வாமை வருவது அரிது. நிறம் மாதக்கணக்கில் நிற்கிறது. மெல்லிய முடி சற்றுத் தடித்தாற்போல் தோன்றுகிறது. ஆனால் ‘முடி வளரும், நரை நின்றுவிடும்’ என்று நீங்கள் அச்சிடுவதை நான் ஏற்கவில்லை. சாயம் ஏறுவது தோலுக்கு வெளியே வந்துவிட்ட உயிரற்ற இழையில்தான். நரை தோன்றுவதோ அதற்கும் கீழே, வேர்க்காலில். அங்கே இந்த விழுதுக்கு வேலையில்லை.

தீமைகளையும் மறைக்காமல் சொல்லலாம். உலர்ந்த முடியை அது இன்னும் உலர்த்தும். ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் பூசினால் நுனி கருத்து விறைத்துவிடும் என்பதை நான் நான்காம் ஆண்டில்தான் கண்டுகொண்டேன், அதன்பின் வேர்ப்பகுதியில் மட்டும் இடுகிறேன். சுருள்முடிக்காரர்கள் சிலருக்குச் சுருள் தளர்கிறது. ஏறிய நிறத்தை எடுப்பது மிகக் கடினம், வளர்ந்து வெட்டும்வரை காத்திருக்க வேண்டும். அரை நாள் போகிறது என்பதையும், தலையணை உறை பாழாகிறது என்பதையும் தீமையில் சேர்ப்பதா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. ஆனால் ஜி6பிடி என்னும், சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பச்சிளங் குழந்தைகளுக்கு, லாசோன் தோல்வழி உட்சென்று இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இந்த எச்சரிக்கையையாவது நீங்கள் அச்சிட்டிருக்க வேண்டும்.

இப்போது கறுப்புக்கு வருகிறேன். மருதாணி எந்த நிலையிலும் தனியே கறுப்பைத் தராது. மருதாணி இட்டு அலசியபின் அவுரி இலைப் பொடியை இரண்டாவதாகப் பூசினால் கருமை கிடைக்கும். அதுவும் நேரம் பிடிக்கும் வேலை. அரை மணியில் கறுப்பு என்றால் பெரும்பாலும் அது பாரா-ஃபினைலின்டையமின் என்னும் வேதிச்சாயப் பொருள், சுருக்கமாகப் பி.பி.டி. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக அறிவித்தது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் இடும் கலவையில் இது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

என் தங்கைக்கு முதல் நாள் காதோரம் அரிப்பு மட்டுமே இருந்தது. மறுநாள் நெற்றி வீங்கியது, மூன்றாம் நாள் இரு கண்களையும் திறக்க முடியவில்லை. என்ன பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது ‘வெறும் மருதாணிதான்’ என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பொட்டலத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். முன்பக்கத்தில் இலைப் படமும் ‘இயற்கை’ என்ற சொல்லும். பின்பக்க மடிப்புக்குள், பசை தடவிய இடத்தில், அந்த வேதிப்பெயர். வீக்கம் பத்து நாளில் வடிந்தது, ஒவ்வாமை வடியாது. ஒருமுறை உடல் பி.பி.டி.யை எதிரியாகக் கண்டுகொண்டால் வாழ்நாள் முழுவதும் மறக்காது. அதையொத்த அமைப்புள்ள சில துணிச்சாயங்களும், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் சிலவும்கூட அவளுக்கு இனி ஆகாமல் போகலாம்.

வேறு சில பொடிகளில் செம்மையைக் கூட்டச் சோடியம் பிக்ரமேட் என்னும் செயற்கைச் சாயமும், கருமைக்கு உலோக உப்புகளும் கலக்கிறார்கள். உலோக உப்பு ஏறிய முடியில் பின்னாளில் பெராக்சைடு கலந்த சாயமோ பிளீச்சோ பட்டால் முடி சூடேறிப் பொடிந்துவிடக்கூடும். பழி மட்டும் மருதாணிக்கு வருகிறது.

வேதிச்சாயம் விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதை அறிந்தே வாங்குவோர் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். பி.பி.டி. கலந்த பொடியின் பெயரில் மருதாணி என்ற சொல் இருக்கக் கூடாது என்பதே என் முதற்கோரிக்கை. சேர்த்திருப்பவை அனைத்தையும் முன்பக்கத்தில், பெயரை அச்சிடும் அதே எழுத்தளவில் போடுங்கள். காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்கும்படி சொல்லும் வரி, தலையில் பூசும் முறைக்கு மேலே வரட்டும். இலை அரைத்த மாதத்தையும் குறிப்பிட்டால், பழைய பொடியோடு அரை நாள் காத்திருந்து ஏமாறுவோர் குறைவார்கள்.

என் தங்கை வாங்கிய பொட்டலம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. உங்களில் எவரேனும் உங்கள் அச்சு வேலையை நேரில் பார்க்க விரும்பினால், மடிப்பைப் பிரித்துக் காட்ட அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மருதாணியைக் கைவிடாத ஒரு வாடிக்கையாளர்