படித்துறைப் படத்தில் இருக்கும் வெள்ளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் புனே வீட்டு ஹாலில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு உன் தோழி "ஆத்துத் தண்ணி என்னமா மின்னுது" என்று சொன்னதாகவும், இந்தப் படத்துக்கு என்னப்பா அர்த்தம் என்றும் போனில் கேட்டாய். நம்ம கும்பகோணம் பகவத் படித்துறை, வேறென்ன என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

அது தண்ணீர் இல்லை பாப்பா, மணல். 2012 ஆடிப்பெருக்கு அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து வரைந்தது. வழக்கமாக ஜூன் 12 திறக்கிற மேட்டூர் அணையை அந்த வருஷம் செப்டம்பர் 17 அன்றுதான் திறந்தார்கள், ஆடி பதினெட்டுக்குக் கும்பகோணத்தில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. பெண்கள் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துக் கும்பிட்டார்கள், காதோலை கருகமணியை மணலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். உனக்கு ஒன்பது வயசு. முளைப்பாரிக் கிண்ணத்தோடு கடைசிப் படியில் நின்றுகொண்டு "இதை எங்கப்பா விடறது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வானம், அக்கரைத் தென்னை, மண்டபம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. படிக்கல்லுக்குத்தான் நேரமானது. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் குழைத்தால் ஒரு சாம்பல் வரும், ட்யூபில் விற்கிற சாம்பலுக்கு அந்த உயிர் கிடையாது. நாலாவது படியின் தேய்ந்த விளிம்பில், யாரோ மஞ்சள் உரைத்த கறை காய்ந்துபோயிருந்தது, அதைக்கூட விடாமல் வைத்தேன். கடைசியில் மணல் மட்டும் பாக்கி. எல்லோ ஆக்கர் என்கிற மண்மஞ்சளைத் தண்ணியாகக் கரைத்து, பிரஷ்ஷிலும் நிறைய எடுத்துவிட்டேன், ஒரே ஒரு வாஷ், அதாவது மெல்லிய பூச்சு, கொடுத்தால் மணல் வந்துவிடும். கை போகவில்லை. வாட்டர்கலரில் காகிதம்தான் வெள்ளை, ஒரு தடவை நிறம் ஏறிவிட்டால் அந்த வெள்ளை திரும்பி வராது. பாலெட்டில் நிறம் காய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேட்டவர்களிடமெல்லாம் வெளிச்சத்துக்காகக் காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான் என்பதால் நானே அதை நம்பிவிட்டேன். உன் தோழி அதில் தண்ணீரைப் பார்த்தாள் என்றதும்தான் எனக்கே விளங்கியது. நீ கிண்ணத்தோடு நிற்கும்போது காய்ந்த ஆற்றை வரைய எனக்கு மனசு வரவில்லை, இல்லாத தண்ணீரை வரைவது பொய். அதனால்தான் விட்டுவிட்டேன். இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிப் படியில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் இருக்கிறதே, அது உன் பட்டுப்பாவாடை. கிட்டப் போய்ப் பார்.

பால்கனி வெயில் படத்தில் விழுகிறதா? விழுந்தால் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடு. அந்த மஞ்சள் சீக்கிரம் வெளுக்கிற ரகம்.

அன்புடன்,
அப்பா