பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. எத்தனை செபமாலை சொல்லியும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு ஆண்டவரோடு கோபம்கூட வந்தது.

அக்கா, நீங்கள் உங்கள் தாயைப் பார்க்க வந்தவர். யாரும் கேட்காமலே துவாயைச் சுருட்டி, தொங்கிய கைக்குக் கீழே அணை வைத்தீர்கள். "கையை இழுத்துத் தூக்காதையும் பிள்ளை, தோள் நோகும்" என்றீர்கள். பதில் வராது என்று தெரிந்தும் அம்மாவோடு மீன் விலை முதல் எல்லாம் கதைத்தீர்கள்.

நான் அழுதபோது பைபிளில் வரும் ஆபிரகாமைச் சொன்னீர்கள். 75 வயதில் கடவுளின் அழைப்பும் வாக்கும், 100 வயதில்தான் மகன் ஈசாக்கு. "இடையில அந்தாள் சும்மா இருக்கேல்லை. ஆடு மாடு பார்த்தார், கூடாரம் மாத்தினார். நீரும் போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்." பிரசங்கத்தைவிட அந்த அதட்டல்தான் எனக்குத் தேவைப்பட்டது.

அம்மா இன்னும் கதைக்கவில்லை. ஆனால் செபம் முடிய "ஆமென்" மட்டும் தெளிவாக வருகிறது. பழகிய செபம் இப்படி முதலில் வருவதுண்டாம், டொக்டர் சொன்னார்.

பருத்தித்துறைப் பக்கம் என்றீர்கள், பெயர் கேட்கவில்லை. மிக்க நன்றி அக்கா. உங்கள் பிளாஸ்க் எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது, கட்டாயம் வாங்க வாருங்கள்.