முதலில் தாழ்ப்பாள் போடுங்கள், பிறகு முகாமுக்குக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயல் வரும்போது ஆட்டோவில் மைக் கட்டி எத்தனை தடவை கூப்பிட்டாலும் வடசென்னைக்காரர்கள் முகாமுக்கு வராமல் அடம் பிடிக்கிறார்கள், கடைசியில் படகு வைத்து மீட்க வேண்டியிருக்கிறது என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2016-இல் நானே அப்படித்தான் பேசினேன்.

எனக்கு ஊர் எர்ணாவூர். திருவொற்றியூர் நகராட்சியாக இருந்த காலத்தில் சத்துணவு சமையல் வேலையில் சேர்ந்தேன். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்து போர்டு மாறியது, எங்கள் அடுப்பு மாறவில்லை. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று எங்கள் பள்ளிதான் முகாம். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, ஊரே ஒருமாதிரி இருந்தது. காற்றில் தகரமெல்லாம் பறக்க, நாங்கள் உள்ளே இரண்டு அண்டா சாம்பார் சாதம் வடித்துப் போட்டோம். ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பெண்கள் ஒரு கரண்டி வாங்கி வைத்துக்கொண்டு கையால் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். "சுடச்சுடப் போட்டும் இன்னாமே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறீங்க?" என்று சத்தம் போட்டேன். அதில் ஒருத்தி என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் புரிய எனக்கு ஏழு வருடம் ஆனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புயல் ஆந்திராவுக்குப் போகிறது, நமக்கு ஒன்றும் இல்லை என்று தெருவே தூங்கியது. கரையைக் கடந்தது என்னவோ 5-ஆம் தேதி, பாபட்லா பக்கம்தான். ஆனால் 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. எங்கள் பக்கம் கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், எதிரே கடல். கடல் பொங்கி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரை உள்ளே வாங்காது. அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகும், எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்தத் தடவை கறுப்பு எண்ணெயும் சேர்ந்து வந்தது. சுவரில் அந்த எண்ணெய்க் கோடு, மேலே இரண்டு கை சுண்ணாம்பு அடித்தும் இன்னும் தெரிகிறது. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், எண்பது வயதான என் மாமியாரை என் மருமகன் மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். "நீங்க போங்க, சிலிண்டரும் மிஷினும் கீது, நான் வூட்டப் பாத்துக்கிறேன்" என்று வீட்டுக்காரர் பரணில் ஏறிக்கொண்டார். போய்ச் சேர்ந்தது நான் 27 வருடம் சமைத்த அதே பள்ளி. தெரிந்த இடம்தானே என்று தைரியமாகத்தான் போனேன்.

அந்த 27 வருடத்தில் பிள்ளைகளின் கழிவறைக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எங்களுக்கு டீச்சர்களுடைய கழிவறை இருந்தது. மிக்ஜாம் அன்று அது பூட்டிக் கிடந்தது. சாவி தலைமை ஆசிரியையிடம், அவர் வீட்டைச் சுற்றியும் இடுப்பளவு தண்ணீர். பாவம், அவர் என்ன செய்வார்.

மீதி இருந்தது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காகக் கட்டியது. கதவு என் மார்புக்குத்தான் வரும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டை. புடவையைத் தூக்கி மாட்ட ஒரு கொக்கி கிடையாது. புயல் என்றால் முன்னெச்சரிக்கையாக கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. இருட்டுவதற்குள் தொட்டி காலி. வெளியே ஊரே வெள்ளம், உள்ளே கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. நாங்கள் இரண்டு பேர் புடவையைத் திரை பிடிக்க, வயசுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு அன்றைக்குத் தூரம் வேறு.

மாமியாருக்கு முட்டி மடங்காது. சாயங்காலத்திலிருந்தே வாய் நனைக்கவில்லை. பிரஷர் மாத்திரையை எச்சிலோடு முழுங்கினார். "ஒரு வாய் தண்ணி குடி அத்தே" என்றேன். "குடிச்சா போவணும் இல்ல?" என்றார். 2016-இல் என்னை நிமிர்ந்து பார்த்தவளின் முகம் சட்டென்று ஞாபகம் வந்தது. விடிந்ததும், செத்தாலும் என் வீட்டிலேயே சாகிறேன் என்று அதே வண்டியில் ஏறிவிட்டார். போன வருடம் பெய்த மழைக்கு மைக் வண்டி வந்தபோது, உள்ளேயிருந்து கதவைச் சாத்தியது அவர்தான். உங்கள் வாசகர் அடம் என்று எழுதியது இதைத்தான்.

எந்தப் பள்ளி என்று பெயர் போடவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடியாடியவர்கள் நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு மெமோ வாங்கித் தருவது என் நோக்கம் இல்லை.

முகாம்களுக்கு ஸ்பியர் என்று உலக அளவில் ஒரு வழிகாட்டி இருக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் பேத்தி காட்டினாள். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒரு கழிவறை, போகப் போக 20 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்று அதில் இருக்கிறது. நான் அவ்வளவு கேட்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் முகாம் என்று குறித்த ஒவ்வொரு பள்ளியிலும் பெண்கள் பக்கம் ஆள் உயரக் கதவு இரண்டு, உள்ளே தாழ்ப்பாள், கொக்கி. முட்டி மடங்காதவர்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, மருந்துக்கடைகளிலேயே விற்கிறது. கரண்ட் நிறுத்துவதற்கு முன் தொட்டியையும் நாலு டிரம்மையும் நிரப்ப ஒரு ஆள். டீச்சர் கழிவறைச் சாவியின் இன்னொரு பிரதி வாட்ச்மேனிடம். முகாமை மதியமே திறந்தால் கிழவிகள் வெளிச்சத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். எங்கள் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைத்தாலும் போதும். இப்போது மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, மழை நேரத்தில் அந்த லைன் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

முகாமுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைச் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுப்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதோடு ஒரு மக், ஒரு டார்ச், பழைய புடவை ஒன்று, நாலு ஊக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்கள் மானத்தைக் காப்பாற்றியது அந்தப் புடவைதான்.

போன வாரம் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு கதவில் புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று இருக்கிறது. கதவு மட்டும் அதே மார்பு உயரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு சமையலர்,
எர்ணாவூர்.