பட்டறை வாசலைத் திறந்து வைத்தவர்களுக்கு

பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், ஐஸ் ஃபேக்டரி அண்ணாச்சிக்கும், எங்கள் பிள்ளைகளை உங்கள் வீட்டுப் பிள்ளைகளாக நடத்திய எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் நான்கு கல்லூரியும் சேர்ந்து நடத்துகிற இரண்டாவது கூட்டு பேட்ச் ஏசி, ஃப்ரிட்ஜ் டிப்ளமோவை முடித்துவிட்டது. சேர்ந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கடைசிவரை வந்தார்கள். உங்களிடம் போனில் நன்றி சொன்னால், “அதெல்லாம் எதுக்கு டீச்சர்” என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கல்லூரி தாமிரபரணிக்கு ரொம்பப் பக்கம். தண்ணீர் வடிந்து பட்டறைக் கதவைத் தள்ளியபோது, சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பயிற்சிக்கு வைத்திருந்த ஃப்ரிட்ஜ் இரண்டும் மிதந்து போய் மூலையில் குப்புறக் கிடந்தன. வெல்டிங் செட், மீட்டர்கள், பத்து வருடமாகச் சேர்த்த ஸ்பேனர்கள் எல்லாமே சேற்றுக்குள். நான் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே நாகர்கோவிலிலிருந்து சார் வந்து இறங்கினார். ஒரு கையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, இன்னொரு கையில் அவர்கள் கல்லூரி மெகர், அதாவது மோட்டார் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர். எங்கள் மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “இது கெடக்கட்டும் டீச்சர். ஊர்க்காரங்க மோட்டார் எல்லாம் தண்ணியில கெடக்கு. பிள்ளைகளைக் கூப்பிடுங்க, மொதல்ல அதைப் பார்ப்போம்” என்றார். அன்று மாலையே தூத்துக்குடி கல்லூரியிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் மாணவர்கள் வந்துவிட்டார்கள். மோட்டாரைக் கழற்றிச் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மெகர் வைத்து இன்சுலேஷன் தேறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். காயாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துவிடும், தொட்டவருக்கும் ஆபத்து. ஃப்ரிட்ஜுகளில் பல கம்ப்ரஸர்கள் நன்றாகவே இருந்தன. மூடி வெல்டிங் செய்த பொருள் என்பதால் உள்ளே தண்ணீர் போகவில்லை. போனது ரிலேயும் ஒயரிங்கும்தான். மெஷினே போச்சு என்று தெருவில் தூக்கிப் போட இருந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியது.

அந்த நாட்களில் யார் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. நான்கு கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்து, ஒரே குண்டாவில் சோறு எடுத்தார்கள். இப்போது நடக்கிற எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பாய்தான் என்று எனக்குத் தோன்றும்.

பொங்கல் முடிந்து பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பேசினோம். சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் நம் நாட்டில் 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் வேர் பிடித்தது. பள்ளியை இடையில் விட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள், குழந்தை பெற்றபின் மறுபடி படிக்க வருகிற பெண்கள், இவர்களுக்கு வாழ்க்கைத் திறனும் கைத்தொழிலும் தொழிலகப் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கத்தான் அது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தனித் திட்டம் கொண்டுவந்தது. எண்ணம் பெரியது. ஆனால் நம்மைப் போன்ற சின்ன இடங்களில் இருப்பது ஒரு வகுப்பறை, ஒரு பட்டறை, இரண்டு மூன்று ஆசிரியர்கள். அதில் நான்கு கல்லூரியும் அதே தையல், அதே நர்சிங் உதவியாளர், அதே ஏசி மெக்கானிக் என்று நடத்தி, ஒருவர் பிள்ளையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தோம். எல்லோரிடமும் பாதி மெஷின் இருந்தது, யாரிடமும் முழுசாக இல்லை.

அன்று பாளையங்கோட்டை சிஸ்டர் எழுந்து, “ஏசி கோர்ஸை நாங்க விட்டுடறோம். வர்ற பிள்ளைகளை உங்ககிட்ட அனுப்பறோம், எங்க மெஷினையும் எடுத்துக்கோங்க” என்றார்கள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சேர்க்கை எண்ணிக்கை குறைந்தால் ஒரு சின்னக் கல்லூரி மேலிடத்தில் என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பணம் கொடுத்தவர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்லிவிடலாம். எண்ணிக்கையைக் கொடுத்தவர்களுக்கு எப்படிச் சொல்வது? சிஸ்டர், உங்கள் நர்சிங் உதவியாளர் வகுப்புக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ் ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிமிடம் நினைவுக்கு வருகிறது.

மெஷின் விஷயத்திலும் உங்கள் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. மூழ்கிய பழைய ஏசிகளைச் சரிசெய்து மறுபடி மாட்டத்தான் நான் நினைத்திருந்தேன். அவை குளிர்விக்க ஆர்-22 என்ற கேஸ் போட்ட மெஷின்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிற கேஸ் என்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். இப்போது வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் ஆர்-32. அதன் அழுத்தம் பழைய கேஸைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. அழுத்தம் பார்க்கிற பழைய கேஜை வைத்து அதில் வேலை பார்க்கக் கூடாது. தூத்துக்குடி சார் இதை வகுப்பு எடுப்பதுபோல எனக்கு விளக்கிவிட்டு, தன் கல்லூரிப் புது மெஷினில் எங்கள் பிள்ளைகளுக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாளையும் ஒதுக்கிக் கொடுத்தார். பட்டறைச் சாவியையும் கொடுத்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு நாள் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதல் பேட்சில் வந்த ஒரு பெண், பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். காப்பர் பைப்பை வெட்டி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறைச் சுரண்டினாள். மேலே பார்க்கப் பிடித்தால் தூள் பைப்புக்குள் விழுந்து கம்ப்ரஸர் வரைக்கும் போய்விடும். அப்புறம் கட்டையில் இறுக்கி, கோனைத் திருகி, வாயை விரித்துவிட்டாள். அழகான ஃபிளேர், ஒரு கீறல் இல்லை. ஆனால் நட்டை முதலில் மாட்ட மறந்திருந்தாள். விரித்தபிறகு நட் ஏறாது, வெட்டிவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். அவள் முகம் சுருங்கிப் போனது. சார் ஒன்றும் சொல்லாமல், தன் கல்லூரி ஸ்டாக்கிலிருந்து இன்னொரு துண்டு பைப்பை வெட்டிக் கையில் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. காப்பர் விற்கிற விலையில் யார் அப்படிக் கொடுப்பார்கள்? நான்காவது துண்டில் நட் முதலில் ஏறியது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. இன்று அவள் திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறாள்.

ஐஸ் ஃபேக்டரி அண்ணாச்சி, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். வீட்டு ஏசி படித்த பிள்ளைகளை அமோனியா பிளாண்டுக்குள் விட எந்த முதலாளியும் யோசிப்பார். நீங்கள் நான்கு நான்கு பேராக அழைத்துப் போய், கந்தகத் திரியைக் கொளுத்தி ஜாயின்ட் ஜாயின்டாகக் காட்டினீர்கள். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். “புஸ்தகத்துல படிச்சா மறந்துரும்லா, இது மறக்காது” என்றீர்கள். மறக்கவில்லை அண்ணாச்சி. அதில் இரண்டு பையன்கள் இப்போது மீன் பதப்படுத்தும் கம்பெனிக் குளிர்பதனத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

எல்லா இடமும் அப்படி இருக்கவில்லை. தொழிலகப் பயிற்சி என்று கூட்டிப்போன ஓர் இடத்தில் பிள்ளைகளை ஒரு மாதம் குடோன் கூட்டவும் பெட்டி சுமக்கவும் வைத்தார்கள். முன்பென்றால் நான் தனியாகப் போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்பியிருப்பேன். இந்த முறை நான்கு கல்லூரியும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, இனி ஒரு பிள்ளையும் அங்கே வராது என்று எழுதிக் கொடுத்தோம். பயிற்சியில் என்னென்ன வேலை கற்றுத்தர வேண்டும், எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, இப்போது எந்தக் கம்பெனியானாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறோம். இந்த யோசனை நாகர்கோவில் மேடத்துடையது.

அதிகாலை வண்டிக்காக ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் பாதிக் காசுக்குக் கூட்டிப்போன அண்ணன், மழை நாளில் நம் பெண்களைத் தன் வீட்டில் தங்கவைத்த தூத்துக்குடி ஹாஸ்டல் அக்கா, ஃபார்ம்களைப் பூர்த்திசெய்து கொடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

கடைசியாக அந்த வேக்குவம் பம்ப். நான்கு பேரும் காசு போட்டு வாங்கியது. குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுக்காமல் கேஸ் ஏற்றக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். ஆனால் ஒருவரிடமும் நல்ல பம்ப் இல்லாமல் இருந்தது. இப்போது அது எண்ட் டு எண்ட் பஸ்ஸில் வாரம் ஒரு ஊர் போகிறது, கூடவே ஒரு நோட்டும். இந்தத் திங்கட்கிழமை நாகர்கோவில் முறை. எண்ணெய் புதிதாக மாற்றியிருக்கிறோம், ஹோஸில் இருந்த பழைய வாஷரையும் மாற்றிவிட்டோம். காலை 7 மணி பஸ்ஸில் எங்கள் மாணவர் ஒருவர் கொண்டு வருகிறார். நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் சார். பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளரும் மாணவர்களும்